பாறையில் விழுங்கிய சொல்

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையைச் செய்தால் வியர்க்கத்தானே செய்யும்? கடைக்கு லென்ஸ் சரக்கு வருகிறது என்று வீட்டில் அளந்துவிட்டு, சின்ன ரேடியோவும் பேட்டரியும் கம்பிச் சுருளுமாகக் குன்றேறி வந்து தட்டைப் பாறையில் உட்கார்ந்திருக்கிறார் மனுஷர்.

குன்றேறுவது குற்றமா? இல்லை. தனியாக ஏறியதுதான் குற்றம். எப்போதும் சகலையோடுதான் ஏறுவார். மனைவியின் அக்காவைக் கட்டியவர், பஸ் ஓட்டுநர். இருவருக்கும் அமெச்சூர் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கி வானலையில் பேசும் பொழுதுபோக்கு, என்றால் பைத்தியம். முட்டியில் ஆபரேஷன் ஆனபோது சகலை கட்டிலில் கிடந்தபடி சொன்னார், "மலை எங்க ஓடிப்போகப் போகுது? நான் எழுந்ததும் ரெண்டு பேருமாப் போவோம்." "நீங்க இல்லாம நான் ஏறுவேனா?" என்று வாக்குக் கொடுத்தது சாட்சாத் இவரேதான். ஆனால் இன்று காலை வானம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. கால் தரையில் நிற்கவில்லை.

மரத்தில் கம்பியைக் கட்டி, குமிழைத் திருகினால், முதலில் வந்து விழுந்ததே சகலையின் குரல்! வானலையில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் தன் அழைப்புக்குறியைச் சொல்லி, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் பதில் பேசவில்லை. மறுபடி கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை.

வீட்டை விட்டு வெளியிடத்தில் நிலையம் போட்டால், அழைப்புக்குறியோடு 'போர்ட்டபிள்' என்று சேர்த்துச் சொல்வது விதி. சொன்னால் குட்டு உடையும், கூடவே சகலையின் மனசும் உடையும். பேசாமல் இருந்துவிடலாம் என்றால், முடியாத மனுஷன் அப்படிக் கூப்பிடும்போது கல்லாக உட்கார முடிகிறதா? அழைப்புக்குறியை மட்டும் மொட்டையாகச் சொன்னார். மிச்சச் சொல்லை எச்சிலோடு விழுங்கினார்.

"அட, சகலையா! வீட்லயா இருக்க?"

"கடை... இல்ல, வீட்லதான்."

"உன் வீட்டு சிக்னல் எப்பவும் ஈனஸ்வரத்துல முனகும். இன்னிக்கு என் காது கிழியுது. காத்து வேற ஊளையிடுது. கூரையைக் கழட்டி வச்சிட்டியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான்.

"தப்புதான் சகலை. தட்டைப் பாறையில இருக்கேன். வாக்குக் கொடுத்துட்டு ஏறிட்டேன். உங்ககிட்ட சொல்ல மூஞ்சி இல்ல."

கிழிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"கம்பியை எதுல கட்டியிருக்க?"

"அந்த வளைஞ்ச மரத்துல."

"கட்டுவ, கட்டுவ. நான் கண்டுபிடிச்ச மரம்!" குரல் லேசாகக் கரகரத்தது. "கோபம்தான். இல்லேன்னு சொல்லமாட்டேன். அதுக்காக மலையை மறைக்காதடா. ஒழுங்கா முழுசாச் சொல்லு. நானும் கூட உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்ல."

கடைக்காரர் சட்டையில் மூக்கைத் துடைத்தார். நிதானமாக அழைப்புக்குறியைச் சொல்லி, "போர்ட்டபிள்" என்று முடித்தார்.

முறைப்படி சகலையும் தன் அழைப்புக்குறியைச் சொன்னார். சொல்லிவிட்டு, "போர்ட்டபிள்" என்றார்.

"கட்டில்ல படுத்துக்கிட்டு போர்ட்டபிளா? விதிப்படி செல்லாது!"

"யாரு கட்டில்ல? மொட்டைமாடியில இருக்கேன்."

"ஐயோ! யார் ஏத்திவிட்டது?"

"வீட்ல எல்லாரும் வெளிய போயிருக்காங்க. உக்காந்து உக்காந்தே படி ஏறிட்டேன்."

"மொட்டைமாடியும் வீடுதான் சகலை. அதுவும் செல்லாது."

"அதை என் முட்டிகிட்ட சொல்லு." சகலை இருமினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, நீ எப்ப கீழ எறங்குவ?"

"ஏன்?"

"போற வழியில இங்க வந்துட்டுப் போ. காலையிலேருந்து எவனாவது கேப்பானான்னு கத்திக்கிட்டிருக்கேன். ஏறிட்டேன், எறங்க முடியல."

கடைக்காரர் கம்பியை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை.