பன்னிரண்டாவது நிமிஷம்

ஜெசிந்தா திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மொழியியல் நடத்துகிறாள். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. ஐரோப்பிய நாடொன்றில் அடைக்கலம் கேட்டு நிற்கும் தமிழர்களின் பேச்சைப் பதிவு செய்து, அங்குள்ள ஒரு நிறுவனம் அவளுக்கு அனுப்பும். கேட்டுவிட்டு, பேசுகிறவர் இலங்கைத் தமிழரா, தமிழ்நாட்டுக்காரரா, எந்தப் பக்கத்து ஆள் என்று எழுதித்தர வேண்டும்.

அந்த வேலையை ஏற்கும் முன், அடைக்கலம் மறுக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி அந்த நாடும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தாள். பூமியில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறவரின் மானம் காக்கப்படும், குடும்பம் பிரிக்கப்படாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. மேல்சாதிக்காரர்களின் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போன அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அந்த வரிகள் அவளைக் கட்டிப்போட்டுவிட்டன. வகுப்பில்கூட வாசித்துக் காட்டினாள்.

போன மழைக்காலத்தில் ஒரு பதிவு வந்தது. வவுனியாக்காரன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் பதினோரு நிமிஷம் இலங்கைத் தமிழை ஒப்பித்தான். நன்றாகத்தான் பழகியிருந்தான். பிறகு அதிகாரி, குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். அவன் பேச்சே மாறிவிட்டது.

"மல்லாட்ட உருண்டன்னா உசுரு சார். வாயில போட்டுக்கினே தூங்கிடும்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. நிலக்கடலையை இலங்கையில் கச்சான் என்பார்கள்; மல்லாட்டை என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. 'விழுப்புரம் வட்டாரம், ஐயமில்லை' என்று எழுதினாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மாதம் கழித்து, திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை நேரில் பார்த்து நிலவரம் எழுதச் சொன்னார்கள் அந்த நிறுவனத்தார். பெயர் தேவா, ஊர் கெடார். விழுப்புரத்தில் பஸ் மாறிப் போனாள். கரும்பு லாரியில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தவன் இறங்கி வந்தான். வாயைத் திறந்ததுமே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது.

கூட வாழ்ந்த கிரேஸ் கானா நாட்டுக்காரி என்றான். மகள் வெண்ணிலாவுக்கு ஐந்து வயது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது போலீஸ் வந்து இவனைக் கூட்டிப் போய்விட்டது.

"குடும்பத்தைப் பிரிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கே?"

"அத நானும் கேட்டேன் மேடம். கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணல, அதனால அது குடும்பம் இல்லன்னுட்டாங்க."

மறைக்க அவளால் முடியவில்லை. "உங்க பேச்சைக் கேட்டு விழுப்புரம்னு எழுதினது நான்தான்."

தேவா சட்டையில் ஒட்டியிருந்த கரும்புத் தோகையைப் பிய்த்துப் போட்டான்.

"கொழந்த பேச்ச எடுத்ததும் எல்லாம் மறந்துபூட்ச்சு மேடம்" என்றான். பிறகு கேட்டான்: "எனக்குக் கொழந்த இருக்குதுன்னும் எழுதினீங்களா?"

"இல்ல. அதை அவங்க கேக்கல."

சொன்ன பிறகுதான் தன் பதில் அவளுக்கே உறைத்தது. பதிவில் அவன் சொன்ன அந்த வாக்கியத்தை ஏழெட்டுத் தடவை ஓட்டிக் கேட்டவள், மல்லாட்டையைக் கேட்டாளே தவிர குழந்தையைக் கேட்கவே இல்லை.

ஊர் திரும்பியதும், தேவாவை மகளோடு சேர்த்துவைக்க வேண்டும் என்று அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்துக்கு நீண்ட கடிதம் எழுதினாள். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அறிக்கை துல்லியமானது, நன்றி. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருப்பது நோக்கம் மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது. தேவா ஐந்து வருஷத்துக்கு அந்த நாட்டில் நுழைய முடியாது.

அன்றே வேலையை விட்டுவிட்டாள். அதனால் தேவாவுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கெடார் போய் விஷயத்தைச் சொன்னாள். "பத்து வயசாயிடுமே" என்றான் தேவா.

அவன் அக்கா சின்னபொண்ணு டீ கொண்டுவந்து வைத்தாள். "இன்னா மேடம், கொழந்தைய எப்ப இட்டுக்கினு வருவாங்களாம்?"

ஜெசிந்தா வாய் திறப்பதற்குள் தேவா முந்திக்கொண்டான். "வர்ற பொங்கலுக்கு வந்துடும்க்கா."

சின்னபொண்ணுவின் முகம் மலர்ந்தது. உறுதி கேட்பதுபோல ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா தலையை ஆட்டினாள்.