இரண்டு வழியும் செத்த காலை

கோதண்டராமன் தம் அறுபத்தெட்டு வயதில் ஒருவரிடமும் தலை குனிந்ததில்லை. செஞ்சியில் அவர் குடும்பம் நடத்தும் மருத்துவமனையில் அவர் வைத்ததுதான் சட்டம். விஜயதசமியன்று காலை அங்கே கணினித் திரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றபோது, என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. யார் கை வைத்தது என்றுதான் கேட்டார்.

கை வைத்தவள் பூங்குழலி, தொண்டூர்க்காரி. சர்வர் அறை அவள் பொறுப்பு. அங்கே இரண்டு சர்வர்களுக்குள் பன்னிரண்டு கணினிகள் தனி உடம்பில்லாமல், மென்பொருளாக மட்டும் ஓடின. ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் ஸ்டோரேஜ் என்ற ஒரே பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டிக்குப் போக இரண்டு கேபிள் வழி. ஒன்று நின்றால் மற்றது சுமக்கும். கூட்டமில்லாத நாளாயிற்றே என்று ஒரு வழியை நிறுத்திப் பராமரிப்பு வேலை தொடங்கினாள். மற்றது சுமக்கவில்லை.

நர்சு முதல் வாட்ச்மேன் வரை வாசலில் நிற்க, கோதண்டராமன் பேசித் தீர்த்தார். வேண்டுமென்றே செய்தாள் என்றார். அவள் தாத்தா தங்கள் நிலத்தில் நாற்று சுமந்ததையும் சேர்த்துச் சொன்னார். அதோடு விடாமல், புகார் எழுதி மருமகன் ரங்கநாதனிடம் கொடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.

பூங்குழலி வேலையில் இறங்கினாள். நிறுத்திய வழியைத் திறந்து, உறைந்த கணினிகளை ஒவ்வொன்றாக எழுப்பினாள். பன்னிரண்டும் எழுந்தன, ஒரு படமும் கெடவில்லை. பிறகு மற்ற வழி எங்கே செத்தது என்று தேடினாள். தடயத்தை அழித்துவிடுவாளோ என்று கோதண்டராமன் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார்.

“நேத்து காலைல பத்து அம்பத்திரண்டுக்கே செத்துப்போயிருக்குது ஐயா,” என்றாள், திரையைப் பார்த்தபடி. “முந்தாநாள் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு மறுபடி பாக்காதது என் தப்பு.”

நேற்று ஆயுதபூஜை.

அவள் அந்த வழியின் கண்ணாடி இழைக் கேபிளை உருவி, அதன் முனையைச் சிறு உருப்பெருக்கியில் சொருகினாள். தலைமுடியைவிட மெல்லிய அந்த முனை வழியாகத்தான் வெளிச்சம் போக வேண்டும். உருப்பெருக்கியின் திரையில் காய்ந்து வெடித்த மஞ்சள் படலம் தெரிந்தது. அதன் நடுவே சிவப்புத் துகள்கள்.

கோதண்டராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். சந்தனம். குங்குமம். அவருடைய மோதிர விரல்.

ஏருக்குக் கொழுமுனையில்தான் பொட்டு வைக்க வேண்டும், வேலை செய்யும் இடத்துக்குத்தான் மரியாதை என்பது அவர் வீட்டு வழக்கம். நேற்று எல்லாரையும் சர்வர் அறைக்கு வெளியே நிறுத்தி, தாமே கற்பூரம் காட்டி, கேபிளின் முனை எங்கேயென்று தேடி உருவி, பொட்டிட்டுத் திரும்பச் சொருகியிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்த ரங்கநாதன் திரையைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். மாமனாரைத் தனியே அழைத்து, “எலி கடிச்சுதுன்னு சொல்லிடலாம் மாமா. நம்ம குடும்ப மானம்,” என்றான்.

அந்தச் சொல் அவர் வாயில் எத்தனை முறை வந்திருக்கும். இன்று இன்னொருவன் வாயில் கேட்டபோது உடம்பு கூசியது.

எல்லாரையும் மறுபடி வாசலுக்கு வரச் சொன்னார்.

“மிஷினைக் கெடுத்தது நான். இந்தப் பொண்ணு இல்ல. அவ தாத்தாவைப் பத்திப் பேசுனதும் தப்பு.”

ஒரு நர்சு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஸ்டேஷன்ல குடுத்த பேப்பரு இன்னா ஆவறது?” என்றாள் பூங்குழலி.

ரங்கநாதன் தான் போய் வாங்கி வருவதாகச் சொன்னான். கோதண்டராமன் அதைக் கேட்காதவர்போல் செருப்பை மாட்டினார்.

“எழுதுனவன் நான். நானே போறேன்.”

“நானும் வர்றேன் ஐயா,” என்றாள் அவள். “அங்க நீங்க இன்னா சொல்றீங்கன்னு நான் கேக்கணும்.”

அவள் தம்மை நம்பவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. படியிறங்கினார். அவள் பின்னால் வரவில்லை, பக்கத்தில் நடந்தாள்.