பங்கு வேண்டாம் என்றவன்

புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்கு ஆறு பாடம். பாவமன்னிப்பு, ஜெபம், வேத வாசிப்பு, உலகத்துக்கு ஒத்த வேஷம் போடாமை, சபை ஐக்கியம், சாட்சி. பதினோரு வருடமாக நான்தான் நடத்துகிறேன். சபைக் கட்டடத்தை அரசாங்கம் பூட்டி முத்திரை வைத்த பிறகு, அடுப்பு பழுதுபார்க்கும் என் கடையின் பின்னறையில், சனிக்கிழமைதோறும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடக்கிறது. நான்காவது பாடத்தில்தான் மொக்ரானைக் கெடுத்தேன்.

மொக்ரான் தரை ஓடு பதிக்கிறவன். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. முஸ்லிம் ஊர், மலைமேல். வீட்டில் அவனும் அவன் அப்பா அரெஸ்கியும் மட்டும். பக்கவாதத்தில் அவருக்கு ஒரு கையும் ஒரு காலும் போய்விட்டன. மகன் ஞானஸ்நானம் எடுத்தது தெரிந்தும் அவர் சண்டை போடவில்லை. "நீ யாரை வேணா கும்பிட்டுக்கடா. நான் செத்தா ஊரு என்னைத் தூக்கிட்டுப் போயி உங்கம்மா பக்கத்துல படுக்க வைக்கணும். அதுக்கு மட்டும் குறுக்க நிக்காத," என்றாராம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஒலிவக்காய் பறித்து முடிந்து குளிர் இறங்கும்போது எங்கள் மலையூர்களில் ஊர் கூடி மாடு அறுப்போம். டாக்டர் வீட்டுக்கும் விறகு பொறுக்குகிறவள் வீட்டுக்கும் ஒரே அளவு பங்கு. சதுக்கத்தில் தழை பரப்பிக் கறியைக் குவியல் குவியலாக வைத்து, பட்டியலைப் பார்த்து வீட்டுக்கு ஒரு பேராகக் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டியலில் பேர் இருக்கிறவன்தான் ஊர்க்காரன், அவன் வீட்டுச் சாவுக்குத்தான் ஊர் தோள் கொடுக்கும்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மொக்ரான் கேட்டான், "அண்ணே, அறுக்கறதுக்கு முன்னாடி ஓதுறாங்களே, அந்தக் கறியை நான் வாங்கலாமா?" வேதத்தில் பொறுமையாகத் தேடினால் இதற்குப் பொறுமையான பதில் இருக்கிறது. எனக்கு ஏது பொறுமை? வெளியே ஒருத்தி அடுப்புக்காகக் காத்திருந்தாள், நான் கீழே விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தேன். "அந்தக் கறியில விசுவாசிக்கு என்ன தம்பி வேலை?" என்றேன். சொல்லும்போது குரல் கணீரென்று வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவன் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டான்.

சதுக்கத்தில் அவன் வீட்டின் பேரைக் கூப்பிட்டபோது, எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ஊர்த்தலைவர் லூனிஸ் காது கேட்காதவர்போல மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை மெல்ல, பக்கத்தில் வந்து, வாங்கிக்கொண்டு போய் நாய்க்காவது போடப்பா என்று கெஞ்சினாராம். இவன் மாட்டேன் என்றான். அவர் பேனாவை எடுத்துப் பட்டியலில் அந்த வீட்டை அடித்துவிட்டார்.

வீட்டில் கிழவர் சட்டியைக் கழுவவைத்துக் காத்திருந்தார்.

மறுநாளிலிருந்து ஊரில் ஒருவரும் மொக்ரானுக்கு முகம் கொடுக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் நான் மலையேறிப் போய் லூனிஸைப் பார்த்தேன். மதவெறியர் என்று எண்ணித்தான் போனேன், அப்படியிருந்தால் எனக்கும் சுலபமாகப் போயிருக்கும். அவர் காபி கொடுத்து உட்காரவைத்தார்.

"அவன் உங்க சாமியைக் கும்பிட்டான்னா பேரை அடிச்சோம்? எங்க ஊர்ல குடிகாரன் இருக்கான், சாமியே இல்லைங்கறவனும் இருக்கான். எல்லாரும் அன்னிக்கு வந்து கை நீட்டுறான். இவன் மட்டும் எங்களோட ஒட்டு வேண்டாம்னுட்டான். நாங்க தள்ளலைங்க, அவனாப் போனான்."

பட்டியலை அடுத்த குளிருக்குத்தான் திறப்பார்களாம். அதுவரை கிழவர் தாங்குவாரா என்று கேட்டேன். அதற்கு அவரே வழி பண்ணிக்கொண்டார் என்றார் லூனிஸ்.

படுக்கையில் இருந்தபடியே அரெஸ்கி ஆள் அனுப்பியிருந்தார்: என்னைத் தனி வீடாக எழுதுங்கள். உயிர் போகிற மனிதனுக்காக ஊர் அதற்கு இறங்கி வந்தது. அன்றிலிருந்து அந்த ஒற்றை அறையில் இரண்டு வீடு. பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவரும் கஞ்சியை மட்டும்தான் கிழவர் குடிப்பார். மொக்ரான் சுட்ட ரொட்டியைத் தொடமாட்டார். அவரைக் குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் மொக்ரான்தான், அதற்கு மட்டும் உடம்பைக் கொடுப்பார், பேச்சு கிடையாது. இதையெல்லாம் அவன் ஐந்தாம் பாடத்தன்று சொன்னான். சபைதான் இனி உன் குடும்பம் என்பது ஐந்தாம் பாடம். நடத்தி முடித்தேன். சாத்தான் வேதம் ஓதியது என்பார்களே, அன்று அதை நேரில் கேட்டேன், என் வாயிலிருந்தே.

மார்ச் மாதம் மழையில் கிழவர் போய்விட்டார். மொக்ரான் போன் செய்தான். குடும்பம் என்று நான் சொன்ன ஒன்பது பேரையும் கூப்பிட்டேன். ஒருவனுக்கு ஷிப்ட், ஒருவனுக்கு மாமனார் பயம், மூன்று பேர் போனை எடுக்கவே இல்லை. நான் ஒருவன்தான் போனேன்.

ஊர் முழுக்க வந்திருந்தது. லூனிஸ் சொன்ன சொல் தவறவில்லை. அரெஸ்கியைக் குளிப்பாட்டி, வெள்ளை சுற்றி, தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஆனால் பட்டியலில் இல்லாதவன் தூக்கக்கூடாது, மண் போடவும் கூடாது. மொக்ரான் பாடைக்குக் கை நீட்டியபோது யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் கை பட இருந்த இடத்தில் வேறொரு தோள் வந்து நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவன் நீட்டவில்லை.

இடுகாட்டுச் சுவருக்கு வெளியே, ரோட்டில், என்னோடு நின்று பார்த்தான். மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணே, உங்க ஊர்லயும் மாடு அறுப்பாங்கல்ல?" என்றான்.

"ஆமா."

"உங்க பேரை எப்ப அடிச்சாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். பதினோரு வருடமாக யாரும் கேட்காததால் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். குளிர் வந்தால் என் தம்பி என் பங்கையும் வாங்கி வைப்பான், என் மனைவி அதைக் கொண்டைக்கடலை போட்டுச் சமைப்பாள். ஊருக்கு உபதேசம் செய்த அதே வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், எலும்பு உறிஞ்சிச் சாப்பிட்டேன்.

"அடிக்கலை தம்பி. நான் வாங்கிக்கிறேன்," என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நின்றேன். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். உள்ளே மண்வெட்டிகள் ஓய்ந்து, ஆட்கள் கையைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அவன் ஓரமாக நகர்ந்தான்.

"கறி நல்லா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டான்.

கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"இருந்துச்சு," என்றேன்.