பதினோராவது வரிசை

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அவர் கால் உடைந்து கட்டுப்போட்டு வீட்டில் கிடந்த அந்த ஒன்றரை மாதம்தான்.

அப்போது நான் சிமென்ட் ஆலையில் இன்ஜினியர். அரவையில் கிளம்பும் தூசியைப் பிடிப்பது என் பொறுப்பு. வீடு மாதிரி பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே ஆள் உயரத்தைவிட நீளமான துணிப்பைகள், வரிசைக்குப் பன்னிரண்டு வீதம் பதினாறு வரிசை தொங்கும். தூசி பையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ள, சுத்தமான காற்று மட்டும் உள்ளே புகுந்து புகைபோக்கிக்குப் போகும். பைகள் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு வரிசையாக மேலிருந்து காற்றை அடித்து உதறும் ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு உதறலுக்கும் ‘டப்’ என்று ஒரு சத்தம். பதினாறும் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஓய்வு, பிறகு மறுபடி முதல் வரிசை.

அந்த மாதம் எங்கோ ஒரு பை கிழிந்துவிட்டது. புகைபோக்கி சாம்பல் நிறத்தில் கக்க ஆரம்பித்தது. சுற்றுவட்டாரத்தில் கொடியில் போட்ட துணியெல்லாம் மொடமொடவென்று விறைத்தது. ஒரு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ஆலையை மூட வேண்டும் என்று அதிகாரிகள் எழுதிவிட்டுப் போனார்கள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைகளையும் இறக்கிப் பார்க்க இரண்டு நாளாவது வேண்டும். மேலாளர் தந்ததோ மூன்று மணி நேரம். குருட்டாம்போக்கில் முதல் நான்கு வரிசைகளைப் பார்த்தோம். எல்லாம் நன்றாகவே இருந்தன.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசனை ஓடியது. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்ஜினியரம்மா, உங்க புகைபோக்கி எப்பவும் புகை விடறதில்ல, தெரியுமா?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆலைச் சுவருக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நாள் முழுக்க அவருக்குப் பார்க்க இருந்தது அது ஒன்றுதான். மத்தியானம் பூராவும் கால் மாவுக்கட்டின்மேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது அதைக் காட்டி நிதானமாக விளக்கினார். டப், டப் என்று கேட்கும், பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அந்த ஓய்வு முடிந்து பதினோராவது ‘டப்’ கேட்டதும் குப்பென்று ஒரு புகை. அப்புறம் ஒன்றுமில்லை. திரும்ப அடுத்த சுற்றில் பதினொன்று.

“எத்தனை தடவை பார்த்தீங்க?”

“முப்பத்தேழு. நடுவுல கொஞ்சம் தூங்கிட்டேன்.”

உதறியதும் ஓட்டையை அடைத்திருந்த தூசியும் சேர்ந்து உதிரும், அந்த நொடியில்தான் கசிவு அதிகம். ஐந்து வருஷம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் காலை மேலாளரிடம் மறுபடி கேட்டு ஆலையை நிறுத்தி நேராகப் பதினோராவது வரிசையைத் திறந்தோம். ஏழாவது பையின் அடிப்பக்கத் தையல் விட்டுப் போயிருந்தது. புதுப்பை மாட்டி மூட ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேலே வெறும் வானம்.

கிழிந்த பையைத் தானும் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் அவர் ஒரே அடம். ஃபோர்மேனும் ஃபிட்டரும் அவரை நாற்காலியோடு தூக்கி வந்து ஆலை முற்றத்தில் இறக்கினார்கள். பையை மடியில் விரித்துத் தேடினார். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார், பாதிதான் போனது.

“இத்தனூண்டு ஓட்டைக்கா ஊரே தும்முச்சு?” என்றார்.

ஃபோர்மேன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, கால் சரியானதும் இங்கேயே வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார். இவளுக்குக் கீழே என்றால் வர மாட்டேன், வீட்டில் இருக்கிற அதிகாரியே போதும் என்று இவர் சொல்ல, நின்றிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கத்தில் என் முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அதற்கப்புறம் இருபது வருஷம் அந்த வேலையில் இருந்தேன், பாராட்டுக் கடிதங்களும் வந்தன. அந்த முற்றத்தில், உச்சி வெயிலில், தூசி படிந்த மடியோடு அவர் உட்கார்ந்திருந்ததுதான் மனதில் நிற்கிறது.