துருமணல் அலசிய தண்ணீர்

வீரமுத்துவின் மகள் ரம்யா சேலத்தில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. படித்தாள். நைனார்பாளையத்தில் இது யாருக்காவது தெரியாமல் இருந்தால், அது வீரமுத்துவின் குற்றமல்ல.

அவர்கள் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் ஒரு கோழிப்பண்ணை. தீவனத்தில் கலக்கும் ஆர்சனிக் மருந்து எச்சத்தோடு கரைந்து கிணற்றில் இறங்குகிறது என்று ரம்யாதான் கல்லூரியில் சோதித்துக் கண்டுபிடித்தாள். கிணற்றைத் தூர்த்துவிட்டு எங்கே போவது? கல்வராயன் மலை ஓடை மணலில் இரும்புத் துரு ஏற்றி, டிரம்மில் நிரப்பி, தண்ணீரை அதன் வழியே வடிய விட்டாள். மணல் விஷத்தை எடுத்துவிடும், ஓட்டம் குறைந்தால் வந்து மாற்றுகிறேன் என்று அம்மா பச்சையம்மாளிடம் சொல்லிப் போனாள்.

மார்கழிக் கடைசி வாரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தகவல் கிடைத்ததும் ரம்யா புது மணலோடு கிளம்பினாள். சின்னசேலத்தில் மறியல். இடஒதுக்கீடு வந்தால் மகளுக்கு வேலை கிடைக்கும் என்று வீரமுத்துவும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். நின்ற பஸ்களில் ஒன்றில் மகளும் இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பஸ் சேலத்துக்கே திரும்பிவிட்டது.

போகி வந்தது. பச்சையம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. மணலில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்து, வெளியே கொட்டி, சலவைச் சோடா போட்டு அலசி, திரும்ப நிரப்பினாள். மகளுக்கு ஒரு வேலை மிச்சம் என்று பூரித்தும் போனாள். அந்த வீட்டில் அரிசி களைந்தாலும் பாத்திரம் கழுவினாலும் தண்ணீர் மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். மணல் அலசிய தண்ணீரும் அங்கேதான் போயிற்று. தவிடு கலந்து, சினையாக இருந்த செவலைப் பசுவுக்கு வைத்தாள்.

பொங்கலன்று ரம்யா வந்தபோது செவலை எழ முடியாமல் கழிந்துகொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூச மாடு இல்லை.

அம்மா மணலை அலசியது அதன் பிறகுதான் ரம்யாவுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் மணலில் ஒட்டியிருந்ததெல்லாம் சோடாவில் கழன்று தொட்டிக்குப் போயிருக்கிறது என்றாள். தெரியாமல் நடந்ததுதானே, அழாதே என்று தேற்றவும் செய்தாள்.

பச்சையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"மணலு வெசத்த எடுத்துடும்னு சொன்ன. எடுத்து எங்க வெச்சிக்கினு இருக்கும்னு ஏன்டி சொல்லல?"

அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் ரம்யா. டிரம்மை வைத்த அன்று அம்மாவிடம் அதை ஒரு வரி சொல்லத் தோன்றவில்லை.