நாளைக்கு என்று எழுதாத சித்ரா

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சித்ரா ஜாக்கெட் தைக்கிறாள். தையல்கடையில் 'நாளைக்கு வாங்க' என்பது வாயில் தானாக வரும், கண்ணுங்களா, உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. சித்ராவும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாள். அவள் இழுத்த இழுப்பில் ஒரு கல்யாணப் பெண் தன் தங்கச்சியின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் போனில் வலைப்பூ தொடங்கினாள். பெயர் 'இன்னைக்கு'. காலையில் மெஷினைத் துடைத்ததும், இன்றைக்கு யாருடையதைத் தைக்கிறாள் என்று எழுதுவாள். கடை மூடும்போது முடிந்ததா, முடியாவிட்டால் ஏன் என்று அதன் கீழேயே எழுதுவாள். 'நாளைக்கு' என்ற சொல் மட்டும் வரக்கூடாது. தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னைக்கு அஸ்வினி ஜாக்கெட்" என்று எழுதியிருந்தாள். அஸ்வினி, கழனி வேலை செய்யும் விருத்தாசலத்தின் மகள். மறுநாள் காலை மயிலத்தில் கல்யாணம்.

துணியை வெட்டும்போது, அவள் வாடகைக்கு இருந்த கடையின் சொந்தக்காரர் பச்சைமுத்து பட்டுத்துணியோடு வந்தார்.

"மருமகளுக்கும்மா. சாயங்காலம் விழுப்புரத்துல ரிசப்ஷன். ஜல்தி முடி."

"இன்னைக்கு அஸ்வினியோடதுண்ணே. எழுதிட்டேன்."

"எழுதினதை அழி. அந்தப் பொண்ணை நாளைக்கு வரச் சொல்லு."

"நாளைக்கு அவளுக்குத் தாலியே ஏறிடும்ண்ணே."

"யாரு அதைப் படிக்கிறாங்கன்னு இவ்ளோ பேஜாரு பண்ற?"

"நான் படிக்கிறேன்."

பச்சைமுத்து சிரித்தார். "கடை யாருதுன்னு அதுல எழுதியிருக்கியா?"

"இல்லண்ணே. எழுதணுங்களா?"

"காலி பண்ணச் சொன்னேன்னு எழுதிக்கோ."

பட்டுத்துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள் சித்ரா. மெஷினை மிதித்தாள்.

சாயங்காலம் அஸ்வினி வந்து போட்டுப் பார்த்தாள். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் போனதும் சித்ரா எழுதினாள்: "அஸ்வினி ஜாக்கெட் முடிஞ்சது. கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

மறுநாள் காலை உடம்பெல்லாம் அசதி. இடம் தேடுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று மனசு கெஞ்சியது. பயமும்தான், கண்ணுங்களா. விரல் 'நாளை' வரைக்கும் அடித்துவிட்டது. அழித்தாள்.

"இன்னைக்கு வேற கடை பார்க்கணும்" என்று எழுதிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

பொழுது சாயும்போது அதன் கீழே இப்படி இருந்தது: "மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில இடம் கிடைச்சுது. குனிஞ்சுதான் நுழையணும். மெஷினைப் போட்டா நிமிர்ந்து உட்காரலாம். முடிஞ்சது."