ஒரு மயிரிழை இறுக்கு

ஈரப் பஞ்சால அப்பாவோட உதட்டை நொயெலியா நனைச்சுட்டு இருக்கும்போதே போன் அடிச்சுது. காலைல ஆறு மணி. வெஸ்லி. டூசான் ஆய்வகத்துல அப்பாவோட ஒண்ணா வேலை பாத்தவன், இப்ப அங்க தலைமைப் பொறியாளர்.

"மன்னிச்சுக்கோ நொயெலியா. கிழவர் பேசுற நிலைமைல இருக்காரா?"

"ஸ்பீக்கர்ல போடுறேன். சீக்கிரம் சொல்லு."

விஷயம் இதுதான். சனி கிரகத்தைச் சுத்துற என்செலடஸ்னு ஒரு நிலா. முழுக்க ஐஸ். அதோட விரிசல்லேர்ந்து அடியில இருக்கிற கடல் தண்ணி பனித்தூளா பீச்சியடிக்கும். அந்தத் தூளைப் பிடிச்சு, உயிர் இருக்கான்னு பாக்க ஒரு கலம் போயிருக்கு. இன்னிக்கு மதியம் அது பீச்சலுக்குள்ள பாயணும். ஆனா தூளைப் பிடிக்கிற கிண்ணத்தோட மூடி தொறக்கல. போன வாரம் மோட்டர் வெச்சுத் தள்ளியும் பாத்தாச்சு. அசையவே இல்ல.

மூடியைக் கடைஞ்சது ரொகேலியோ புஸ்தமான்தே. இதோ கட்டில்ல கிடக்குற அப்பா.

பழி மொத்தமும் அவரு தலைலதான். "கிரீஸ் தடவுங்க, காத்தே இல்லாத எடத்துல இரும்பும் இரும்பும் ஒட்டிக்கும்"னு அன்னிக்கு எல்லாரும் தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. "தடவினா அவ்ளோ தூரம் போய் நம்ம கிரீஸையே மோந்து பாத்துட்டு உயிரு உயிருன்னு குதிப்பீங்கடா"ன்னு இவரு மாட்டவே மாட்டேன்னுட்டாரு. வேலை முடியற வரைக்கும் வீட்டுல யாரும் செண்ட் போடக் கூடாது, சோப்புல கூட வாசனை இருக்கக் கூடாது. கல்யாண நாளுக்கு அம்மா டெல்ஃபினா அவருக்கு வாங்கிக் குடுத்த செண்ட் பாட்டில் பதிமூணு வருஷமா அலமாரில அப்படியே நிக்குது. கலம் கெளம்பினப்புறம் கூட, "அங்க மூடி தொறக்கட்டும், இங்கயும் தொறக்கறேன்"னு சொல்லிட்டாரு.

"இன்னும் பலமா தள்ளப் போறோம் ரொகேலியோ," வெஸ்லி சொன்னான். "மோட்டர் தாங்குமான்னு தெரியல."

அப்பா கண்ணைத் தொறந்தாரு. "தள்ளாத. மூடு."

"என்னது?"

"மொதல்ல மூடு. ஒரு மயிரிழை இறுக்கு. அப்புறம் தொற."

"இறுக்கி, ஒரேடியா மாட்டிக்கிச்சுன்னா?"

"நாப்பது வருஷமா போல்ட்டோட குடும்பம் நடத்துறேன்டா நான்."

"என்னோடன்னுல்ல நெனச்சேன்," கட்டில் ஓரத்துல இருந்து அம்மா சொன்னா. அப்பாவோட நெஞ்சு குலுங்குச்சு. சிரிப்புதான்.

ஆறு இருபதுக்குக் கலத்துக்குக் கட்டளை கெளம்பிச்சு. போய்ச் சேர எண்பது நிமிஷம், பதில் வர இன்னொரு எண்பது. கூரை மேல கூலர் கடகடன்னு ஓடிட்டே இருந்துச்சு.

"மணி என்ன?"

"ஏழு நாப்பதுப்பா."

"அப்ப போய்ச் சேர்ந்திருக்கும்," அப்பா சொன்னாரு.

அதுக்கப்புறம் பேசல. எட்டு இருபதுக்கு ஒரு மூச்சு வெளிய போச்சு. அடுத்தது வரல.

நொயெலியா போனை எடுத்தா. அம்மா அவ மணிக்கட்டைப் பிடிச்சுட்டா.

"யாருக்கும் சொல்லாத. பதில் வரட்டும்."

"அம்மா..."

"தோத்துட்டுப் போயிட்டாருன்னு ஒருத்தன் வாய்லயும் வரக் கூடாது. வெச்சுடு கீழ."

ஒன்பது ஆச்சு. ஒண்ணுமில்ல. ஒன்பது ஒண்ணு. ரெண்டு. ஒன்பது நாலுக்கு அடிச்சுது. அவ ஹலோ சொல்றதுக்குள்ள அந்தப் பக்கம் திருவிழா மாதிரி சத்தம்.

"தொறந்துடுச்சு! இறுக்கின மறு நிமிஷம் பட்டுனு தொறந்துடுச்சு! காலிக் கிண்ணத்தை கருவி மோந்து பாத்திருக்கு, பூமியோட வாசனை ஒரு துளி கூட இல்ல! ஒரு துளி கூட! போனைக் கிழவர்கிட்ட குடு!"

"குடுக்க முடியாது வெஸ்லி."

அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிச்சு.

"எப்ப?"

"எட்டு இருபது."

வெஸ்லி மெதுவா சொன்னான்: "ஏழு நாப்பத்தி ஒண்ணுக்கே தொறந்துடுச்சு நொயெலியா."

அம்மா போனைப் பிடுங்கினா. "ஏன்டா கத்துறதை நிறுத்திட்டீங்க? அவரு ஜெயிச்சிருக்காருடா! கத்துங்கடா!"

கத்தினாங்க. கை தட்டினாங்க, மேஜையைத் தட்டினாங்க, எவனோ விசிலடிச்சான். ரொகேலியோ ரொகேலியோன்னு அறை மொத்தமும் சேர்ந்து கூவுச்சு. அம்மா போனை அப்பாவோட காதுல வெச்சு, சத்தம் ஓயுற வரைக்கும் அப்படியே பிடிச்சுட்டு இருந்தா.

மதியம் மூணு மணிக்கு ஒரே ஒரு வரி வந்துச்சு: கிண்ணம் ரொம்பிடுச்சு.

அம்மா வெந்நீரும் துணியும் எடுத்துட்டு வந்து அப்பாவோட மொகத்தைத் தொடைச்சா. தாடையைத் தடவிப் பாத்தா.

"அந்த பாட்டிலை எடுடி."

நொயெலியா எடுத்துத் திருகினா. அசையல. பதிமூணு வருஷம். பாவாடைல வெச்சுத் திருகிப் பாத்தா. ம்ஹூம்.

நின்னா. மூடியை மறுபக்கமா, ஒரே ஒரு மயிரிழை இறுக்கினா. அப்புறம் திருப்பினா, பட்டுனு தொறந்துச்சு.

அம்மா உள்ளங்கையை நீட்டினா.